கோதம் பவுல் 1961–62: இரண்டே ஆட்டத்தோடு மூடியதற்குக் குளிர்தான் காரணமா?

நான்காம்டவுன் (1)

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டங்களில் அற்பாயுசில் போனவை நிறைய. அதில் எல்லோரும் கேலிக்கு எடுப்பது நியூயார்க்கின் கோதம் பவுலைத்தான். 1961-ல் ஒன்று, 1962-ல் ஒன்று, அத்தோடு சரி. எங்கே படித்தாலும் "டிசம்பர் குளிரில் நியூயார்க்கில் யார் வந்து பார்ப்பார்கள், அதனால் செத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நம்பும்படி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். ஆட்டம், பணம், நாள் குறித்தது, கூட்டம் எல்லாமே பேசலாம். யாராவது "கல்லூரி ஆட்டத்துக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி" என்று வந்தால் வேறு இழைக்குப் போய்விடவும்.

பழைய ஸ்கோர்கார்டு (2)

முதலில் அடிப்படை விவரம், தம்பி. இது தெரியாமல் பேசினால் பாதி வாதம் காற்றில் போகும்.

முதல் ஆட்டம் 1960-லேயே நடந்திருக்க வேண்டும். ஆரெகன் ஸ்டேட் தயாராக இருந்தது, எதிரணி கிடைக்கவில்லை, கைவிட்டார்கள். பிறக்கும் முன்பே ஒரு வருடம் போச்சு.

1961 டிசம்பர் 9, போலோ கிரவுண்ட்ஸ். பேலர் 24, யூட்டா ஸ்டேட் 9. வந்தவர்கள் 15,123 பேர். யூட்டா ஸ்டேட் சாதாரண அணி இல்லை. ஒரு சமன் தவிர அந்த சீசனில் தோல்வியே காணாமல் வந்தது, நாட்டின் முதல் பத்து இடத்துக்குள் இருந்தது. தடுப்பு வரிசையில் மெர்லின் ஓல்சன். அந்த வருட அவுட்லாண்ட் டிராஃபி (வரிசையில் ஆடும் சிறந்த ஆளுக்குத் தரும் விருது) அவருக்குத்தான். எதிரில் வந்த பேலர் ஐந்து வெற்றி ஐந்து தோல்வி அணி. தோற்றது யூட்டா ஸ்டேட்.

1962 டிசம்பர் 15, யாங்கீ ஸ்டேடியம். நெப்ராஸ்கா 36, மயாமி 34. வந்தவர்கள் 6,166 பேர். அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கு அது. ஆட்டம் என்று பார்த்தால் அந்த வருடத்தின் மிக நல்ல ஆட்டங்களில் ஒன்று. ஏ.பி.சி. ஒளிபரப்பியது.

மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை.

பனிப்புல் (3)

குளிரை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். 1962 ஆட்டத்தன்று வெப்பநிலை சுமார் 14 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 10. அந்த நிலையில் மைதானத்தில் என்ன நடக்கும் என்று பார்த்தால்தான் ஏன் பவுல்கள் எல்லாம் ஃபுளோரிடா, டெக்சஸ், கலிஃபோர்னியா என்று ஒதுங்கின என்று புரியும்.

பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5-லிருந்து 13.5 பவுண்டு. கதகதப்பான அறையில், 21 டிகிரி செல்சியஸில், 13 என்று காற்றடைத்து வெளியே மைனஸ் 10-க்கு எடுத்துப் போனால் உள்ளே காற்று சுருங்கி 10 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடும். வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஐக் கூட்டி, வெப்ப விகிதத்தால் பெருக்கி, மறுபடி 14.7-ஐக் கழித்துப் பாருங்கள், கணக்கு நேராக வரும். ஆகவே குளிர்நாளில் பந்தை அரைமணியாவது வெளியே கிடத்தி, அதன்பிறகு அளந்து நிரப்ப வேண்டும். அறைக்குள் அளந்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று பையில் போட்டால் ஆடும்போது தொளதொளவென்று இருக்கும். காற்று சரியாக இருந்தாலும் தோல் விறைத்துவிடும். விரல் மரத்த நிலையில் பிடித்து எறிவது கஷ்டம், உதைத்தால் தூரம் போகாது.

அடுத்தது தரை. உறைந்த புல்லில் கூம்புக் கட்டை வைத்த ஷூ இறங்காது, மேலேயே வழுக்கும். தட்டையான ரப்பர் அடிதான் பிடிக்கும். இது நியூயார்க்குக்கு 1934-லேயே தெரிந்த பாடம். தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம், இதே போலோ கிரவுண்ட்ஸ். இடைவேளையில் நியூயார்க் ஜயண்ட்ஸ் 3–10 பின்தங்கியிருந்தது. மன்ஹாட்டன் கல்லூரியிலிருந்து கூடைப்பந்து ஷூக்களை வாங்கிவந்து மாட்டிக்கொண்டு, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 27 புள்ளி அடித்து 30–13 என்று சிகாகோ பேர்ஸை முடித்தார்கள். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெயில் படும் பக்கம் மேல்பரப்பு இளகிச் சேறாகும், நிழல் பக்கம் கல்லாகவே இருக்கும். ஒரே ஷூ இரண்டுக்கும் ஒத்துவராது. பேஸ்பால் அரங்கு என்றால் புல் இல்லாத மண்பகுதி வேறு இருக்கும், அது உறைந்தால் சிமெண்ட் தரைதான், விழுந்தால் முழங்கை பெயர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட நாளில் நான்கு மணிநேரம் திறந்த வெளியில் யார் உட்காருவார்?

பந்துக்கணக்கு (4)

யார் உட்காருவார் என்றா கேட்கிறீர்கள்? 64,892 பேர்.

அதே அரங்கு, பதினைந்து நாள் கழித்து, 1962 டிசம்பர் 30. தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம், கிரீன் பே 16, ஜயண்ட்ஸ் 7. குளிர் அன்றைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, கூடவே மணிக்கு 40 மைல் வேகத்தில் காற்று. தரை உறைந்து கிடந்தது. கிரீன் பேயின் ஜெரி கிரேமர் அந்தக் காற்றில் மூன்று ஃபீல்டு கோல் உதைத்தார். அரங்கு நிறைந்தது. நியூயார்க் வட்டாரத்தில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தடுக்கப்பட்டிருந்ததால், சீட்டுக் கிடைக்காதவர்கள் கனெக்டிகட் பக்கம் போய் மோட்டலில் அறை எடுத்துப் பார்த்தார்கள்.

இன்னொன்று. கோதம் பவுல் நடந்தது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, டிசம்பர் 16, அதே மைதானத்தில் ஜயண்ட்ஸ் டல்லஸை 41–31 என்று வென்றது. ஒய்.ஏ. டிட்டில் ஆறு டச்டவுன் (எதிரணிக் கோட்டைப் பந்தோடு கடப்பது, ஆறு புள்ளி) எறிந்து அந்த சீசனில் மொத்தம் 33 என்று லீக் சாதனை வைத்த ஆட்டம் அதுதான். அந்த வாரக்கடைசியில் கால்பந்துக்குச் செலவழிக்க வேண்டிய காசும் உடம்பும் நியூயார்க்காரனிடம் ஏற்கெனவே ஞாயிற்றுக்குப் பதிவாகிவிட்டது.

குளிர் ஆட்டத்தைக் கெடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். கூட்டத்தைக் குறைத்தது குளிர் இல்லை.

பனிப்புல் (5)

இறுதி ஆட்டத்தையும் ஊர் பேர் தெரியாத இரண்டு கல்லூரி ஆடுவதையும் ஒரே தராசில் வைக்கலாமா? சொந்த ஊர் அணி கோப்பைக்கு ஆடினால் பனிப்புயலிலும் வருவான்.

பந்துக்கணக்கு (6)

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். சொந்த ஊர் அணி.

கிழக்குவரிசை (7)

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. கோதம் பவுலின் உண்மையான பிரச்சினை அணி வரவு.

நியூயார்க் மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் கல்லூரி அணிகள் எவை? நோட்ர டேம். ஆர்மி. ஐவி லீக் கல்லூரிகள். நல்ல வருடமென்றால் சிராக்யூஸ், பென் ஸ்டேட். இப்போது ஒவ்வொன்றாக அடியுங்கள்.

நோட்ர டேம் 1925-க்குப் பிறகு 1969 சீசன் முடியும்வரை எந்த பவுலுக்கும் போகவில்லை, அது அவர்கள் கொள்கை. ஆர்மி முதல் பவுல் ஆடியதே 1984-ல். ஐவி லீக் அந்தக் காலத்தில் சீசனுக்குப் பின் ஆடியதே இல்லை. பிக் டென் (மத்திய மேற்குப் பெரிய கல்லூரிகளின் லீக்) அணிகளுக்கு ரோஸ் பவுல் தவிர வேறெங்கும் அனுமதி கிடையாது, அந்தக் கட்டுப்பாடு 1975 வரை நீடித்தது. 1961-ல் சிராக்யூஸ் நல்ல அணி, எர்னி டேவிஸ் ஹைஸ்மன் டிராஃபி (வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது) வாங்கிய வருடம். அவர்களை ஃபிலடெல்ஃபியாவின் லிபர்ட்டி பவுல் கொண்டுபோய்விட்டது. 1962-ல் சிராக்யூஸ் ஐந்து வெற்றி ஐந்து தோல்வி. பென் ஸ்டேட் ஒன்பது வெற்றியோடு இருந்தது, கேட்டர் பவுலுக்குப் போய்விட்டது.

மிச்சம் யார்? டெக்சஸிலிருந்து பேலர், யூட்டாவிலிருந்து யூட்டா ஸ்டேட், சமவெளியிலிருந்து நெப்ராஸ்கா, தெற்குக் கோடியிலிருந்து மயாமி. நான்குமே நியூயார்க்கிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். அந்தக் காலத்தில் மாணவர்களும் பழைய மாணவர்களும் டிசம்பர் நடுவில், தேர்வு நேரத்தில், விமானம் பிடித்து வரமாட்டார்கள்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது இது. 1961-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில், ரட்கர்ஸ் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதும் வென்றது. அவர்கள் கோதம் பவுலில் இல்லை. எந்த பவுலிலும் இல்லை. 5–5 பேலர் இருந்தது.

நான்காம்டவுன் (8)

நெப்ராஸ்கா பற்றி ஒரு சந்தேகம். அப்போது அவர்கள் பெரிய அணியா? இன்றைக்குள்ள பெயரை வைத்து அன்றைய கூட்டத்தை எடைபோடுகிறோமோ?

பழைய ஸ்கோர்கார்டு (9)

சரியான கேள்வி. இல்லை, அப்போது பெரிய அணி இல்லை. அதற்கு முன் இரண்டே பவுல்: 1941 ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபர்டிடம் 13–21, 1955 ஆரஞ்சு பவுலில் டியூக்கிடம் 7–34. இரண்டிலும் தோல்வி. பாப் டெவானி வயோமிங்கிலிருந்து வந்து பொறுப்பேற்ற முதல் வருடம் 1962. கோதம் பவுல்தான் அந்தக் கல்லூரியின் முதல் பவுல் வெற்றி. அதிலிருந்து 2001 வரை 40 சீசன் தொடர்ந்து, தோல்வியைவிட வெற்றி அதிகம். நடுவில் 1970, 71 இரண்டிலும் தேசியப் பட்டம்.

லிங்கனில் அவர்கள் சொந்த அரங்கின் சீட்டு முழுவதும் விற்றுத்தீரும் தொடர் தொடங்கியதும் அதே சீசனில்தான், 1962 நவம்பர் 3, மிஸூரி ஆட்டத்தில். அன்று தோற்றார்கள் என்பது வேறு. அந்தத் தொடர் இன்றுவரை பேசப்படுகிறது. சொந்த ஊரில் இடம் கிடைக்காத அணி, ஆறு வாரம் கழித்து நியூயார்க்கில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடியது. கிழக்குவரிசை சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அச்சுமை (10)

ஒன்றை யாரும் இன்னும் தொடவில்லை. நியூயார்க் நாளிதழ் வேலைநிறுத்தம்.

1962 டிசம்பர் 8-ல் அச்சுக்கோப்பவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நகரத்தின் ஏழு பெரிய நாளிதழ்களும் நின்றன. முடிந்தது 1963 மார்ச் 31-ல், 114 நாள் கழித்து. கோதம் பவுல் வேலைநிறுத்தத்தின் ஏழாவது நாள் கழிந்ததும் நடந்தது.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு விளம்பரம் என்றால் என்ன? விளையாட்டுப் பக்கத்தில் கடைசி வாரம் தினம் ஒரு செய்தி: அணி வந்திறங்கியது, பயிற்சி செய்தது, யாருக்குக் கால் சுளுக்கு, எந்தக் கவுண்டரில் எத்தனை சீட்டு மிச்சம். முன்பதிவு ஓடுவதே அந்தக் கடைசி ஐந்தாறு நாளில்தான். நகரத்தில் வேர் இல்லாத இரண்டு அணிகளுக்கு அது இன்னும் முக்கியம், ஏனென்றால் வாசகனுக்கு மயாமிக்குப் பந்தெறியும் ஜார்ஜ் மீரா யார் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த ஆறேழு நாளும் பத்திரிகை இல்லை. வானொலியும் தொலைக்காட்சியும் ஓடின, ஆனால் பத்திரிகை விட்ட இடத்தை ஒரே வாரத்தில் அவை நிரப்பவில்லை.

முந்தைய வருடம் 15,123. இந்த வருடம் 6,166. இந்தச் சரிவில் எவ்வளவு பத்திரிகைக்கு, எவ்வளவு குளிருக்கு என்று பிரிக்க முடியாது. ஆனால் ஆட்டத்தின் தரம் இரண்டாம் வருடம் கூடித்தான் இருந்தது.

பனிப்புல் (11)

வேலைநிறுத்தத்தை ஏற்கிறேன். ஆனால் பத்திரிகைகள் ஓடிய 1961-லேயே பதினைந்தாயிரம்தானே? போலோ கிரவுண்ட்ஸில் முக்கால் அரங்கு காலி. அப்படியானால் அதுவும் முதல் காரணம் இல்லை.

அச்சுமை (12)

முதல் காரணம் என்று நான் சொல்லவில்லையே. கடைசித் தள்ளு.

நான்காம்டவுன் (13)

அதே நாளில் ஃபிலடெல்ஃபியாவில் லிபர்ட்டி பவுலும் நடந்ததாகப் பார்த்தேன். இரண்டு மணிநேரத் தூரத்தில், ஒரே சனிக்கிழமையில், இரண்டு பவுலா?

கிழக்குவரிசை (14)

ஆமாம், 1962 டிசம்பர் 15 இரண்டுக்கும். லிபர்ட்டியில் ஆரெகன் ஸ்டேட் 6, வில்லனோவா 0. ஒரே டச்டவுன், டெரி பேக்கர் 99 யார்டு ஓடியது. அந்த வருட ஹைஸ்மன் அவருக்கு. எதிரணி வில்லனோவா ஃபிலடெல்ஃபியாவின் பக்கத்துக் கல்லூரி. நட்சத்திரமும் உள்ளூர் அணியும் இரண்டும் இருந்தும் 17,048 பேர்தான். 1960-ல் கோதமுக்கு வரச் சம்மதித்து எதிரணி இல்லாமல் நின்ற அதே ஆரெகன் ஸ்டேட், கவனித்தீர்களா.

டிசம்பரில் வடகிழக்கில் ஒரு பவுலுக்கே பார்வையாளர் போதாத நிலை. இரண்டு என்றால் இரண்டுக்கும் நஷ்டம்.

லிபர்ட்டியின் போக்கைப் பார்த்தால் கோதம் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். 1959-ல் முதல் ஆட்டம், பென் ஸ்டேட் 7, அலபாமா 0, கூட்டம் 36,211. 1963-க்கு வரும்போது 8,309. நஷ்டம் 40,000 டாலருக்கு மேல். அதை நடத்திய பட் டட்லி அடுத்த வருடம் ஆட்டத்தைக் கூரைக்குள் கொண்டுபோனார், அட்லாண்டிக் சிட்டி மாநாட்டு மண்டபத்துக்கு. 1964, யூட்டா 32, வெஸ்ட் வர்ஜீனியா 6.

வெட்டுப்புல் (15)

அந்த மண்டபத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும், இழையை விட்டு விலகினாலும் பரவாயில்லை.

கீழே கான்கிரீட் தரை. அதன்மேல் மெத்தையாக இரண்டு அங்குலத்துக்குச் சாக்கு. அதன்மேல் நான்கு அங்குலக் கனத்தில் வேரோடு வெட்டிய புல்தளம். செயற்கைப் புல் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. கூரைக்குள் வெயில் கிடையாது, புல் செத்துவிடும் என்று மின்விளக்குகள் தொங்கவிட்டு இருபத்துநாலு மணிநேரமும் எரியவிட்டார்கள். இத்தனைக்கும் சேர்த்துச் செலவு சுமார் 16,000 டாலர். மண்டபம் நீளம் போதாததால் இரண்டு முனையிலும் டச்டவுன் பகுதி பத்து யார்டுக்குப் பதில் எட்டு யார்டு. தாக்கும் அணிக்கு இது தொந்தரவு. கோட்டருகே வந்தபின் பாஸ் பிடிக்க ஓடும் ஆளுக்குப் பின்னால் இடம் குறைவு, தடுப்பவன் காக்கவேண்டிய பரப்பும் குறைவு.

வந்தவர்கள் 6,059.

பந்துக்கணக்கு (16)

வெட்டுப்புல் சொன்ன கடைசி எண்ணைப் பாருங்கள். யாங்கீ ஸ்டேடியத்தில் 6,166. கதகதப்பான மண்டபத்தில் 6,059. குளிரையே எடுத்துவிட்டாலும் கூட்டம் அதே அளவுதான். மண்டபம் சின்னது என்பது உண்மை, ஆனாலும் நிறையவில்லை.

வித்தியாசம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. டட்லிக்கு அட்லாண்டிக் சிட்டி வணிகர்கள் 25,000 டாலர் உத்தரவாதம், கேட் வசூல் 60,000, தொலைக்காட்சியிலிருந்து 95,000. எல்லாச் செலவும் போகக் கையில் சுமார் 10,000 நின்றது. ஆறாயிரம் பேர் வந்த ஆட்டத்தில் லாபம்! அடுத்த வருடம் மெம்ஃபிஸுக்குக் கொண்டுபோனார், இன்றும் அங்கேதான் நடக்கிறது.

கோதம் பவுலுக்கு இப்படிக் கைகொடுக்கும் நகரமோ வணிகர் கூட்டமோ இல்லை. சும்மா ஒரு கணக்குப் போடுங்கள். சீட்டு ஐந்து டாலர் என்றே வைத்துக்கொண்டாலும், இலவசப் பாஸ் ஒன்றுகூட இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 6,166 பேருக்கு 30,830 டாலர். இதில்தான் அரங்கு வாடகை, இரண்டு அணிக்கும் வாடகை விமானம், ஓட்டல், சாப்பாடு, நடுவர், காப்பீடு, காவல். அணி ஒன்றுக்கு ஆட்டக்காரர், பயிற்சியாளர், பாண்டு வாத்தியம் எல்லாம் சேர்த்து நூறு பேரைத் தாண்டும். தொலைக்காட்சிக் காசு இல்லாவிட்டால் விமானத்துக்கே பற்றாது.

பழைய ஸ்கோர்கார்டு (17)

அதனால்தான் நெப்ராஸ்கா விமானக் கதை பிறந்தது. லிங்கன் விமான நிலையத்தில் அணி கிளம்பத் தயாராக இருக்க, செலவுக்கான காசோலை செல்லும் என்று உறுதியாகும்வரை விமானத்தைக் கிளப்பவில்லை என்பார்கள். அந்தக் கல்லூரி வட்டாரத்தில் அறுபது வருடமாகச் சொல்லிவரும் கதை. அவர்கள் செய்ததில் தப்பில்லை. பவுல் நடத்துபவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வியே, மழையோ பனியோ யாரும் வராவிட்டாலும் என் பணம் எங்கே இருக்கிறது என்பதுதான்.

கிழக்குவரிசை (18)

ஆக முடிவு இதுதான்: உள்ளூர் அணி இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

உத்தரவாதம் (19)

அவசரப்படாதீர்கள். செரி பவுலைப் பாருங்கள். அதுவும் இரண்டே ஆட்டம்.

மிஷிகன் மாநிலம், பான்டியாக் சில்வர்டோம், கூரை போட்ட அரங்கு. குளிர்ப் பிரச்சினை இல்லை. 1984-ல் முதல் ஆட்டம், ஆர்மி 10, மிஷிகன் ஸ்டேட் 6. உள்ளூர் அணி இருந்தது. ஆர்மிக்கு வரலாற்றில் முதல் பவுல் என்ற கவர்ச்சி வேறு. கூட்டம் 70,332. 1985-ல் மேரிலாண்ட் 35, சிராக்யூஸ் 18, கூட்டம் 51,858. உள்ளூர் அணி இல்லை என்றதும் பதினெட்டாயிரத்துச் சொச்சம் குறைந்தது, அது உங்கள் கட்சிக்கு ஆதரவு. ஆனால் ஐம்பதாயிரம் பேர் வந்தும் செத்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அந்தக் காலத்து விதிப்படி மொத்த வசூலில் முக்கால் பங்கு ஆடும் கல்லூரிகளுக்குப் போகவேண்டும். மிச்சக் கால் பங்கில் நடத்துபவர் அரங்கு வாடகையிலிருந்து எல்லாம் பார்க்க வேண்டும். அதற்குமேல் ஒரு குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருப்பார். வசூல் அந்த வாக்கைத் தொடாவிட்டால் கைக்காசு போட வேண்டும். கூட்டம் நிரந்தரமாக வரும் என்று நம்பி வாக்கை உயர்த்தியவர்கள் எல்லாம் இரண்டாம் மூன்றாம் வருடத்தில் மாட்டினார்கள்.

ஸீயாட்டில் பவுலும் இப்படித்தான். 2001-ல் ஜார்ஜியா டெக் 24, ஸ்டான்ஃபர்ட் 14. 2002-ல் வேக் ஃபாரஸ்ட் 38, ஆரெகன் 17. ஆரெகன் பக்கத்து மாநிலம். பணத்துக்குப் பொறுப்புக் காட்ட முடியாததால் 2003-ல் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பு) சான்று புதுப்பிக்கவில்லை. முடிந்தது.

நான்காம்டவுன் (20)

அப்படியானால் இன்றைக்கு ஒருவர் புதிதாகப் பவுல் தொடங்கினால் எந்த வரிசையில் வேலை பார்க்க வேண்டும், எது எங்கே உடையும்?

உத்தரவாதம் (21)

வரிசை முக்கியம். கோதம் பவுல் தலைகீழாகச் செய்தது: அரங்கும் தேதியும் கையில், பிறகு அணி தேடல், கடைசியில் பணம்.

இப்போது முதலில் மாநாடுகளோடு (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக் குழுக்கள்) ஒப்பந்தம். இன்ன மாநாட்டில் இத்தனையாவது இடத்து அணி நமக்கு என்று பல வருடத்துக்கு எழுதிவைத்துவிடுவார்கள், டிசம்பரில் அணி தேடி அலையத் தேவையில்லை. இது உடையும் இடம், அந்த மாநாட்டில் ஆறு வெற்றி பெற்ற அணிகள் போதாமல் போவது. 2015-ல் அதுதான் நடந்தது. பவுல்கள் எண்பது இடம் வைத்திருந்தன, தகுதி பெற்றது 77 அணி. ஐந்து வெற்றி ஏழு தோல்வி அணிகள் மூன்றைப் படிப்புத் தர மதிப்பெண் பார்த்து எடுத்தார்கள்: நெப்ராஸ்கா, மினசோட்டா, ஸான் ஹோஸே ஸ்டேட். மூன்றும் வென்றன என்பது தமாஷ். அடுத்த ஏப்ரலில் புதுப் பவுல்களுக்கு மூன்று வருடத் தடை வந்தது.

அடுத்து தொலைக்காட்சி. அதன்பிறகு பெயருக்குக் காசு தரும் ஸ்பான்ஸர். இவை இரண்டும் கையெழுத்தான பிறகுதான் கேட் வசூலைப் பற்றி யோசிப்பார்கள். பல பவுல்களில் கேட் வசூல் மூன்றாம் இடத்தில்தான்.

சீட்டு விற்கும் அபாயத்தைக் கல்லூரி தலையிலேயே கட்டும் வழியும் உண்டு. அணிக்கு இத்தனை ஆயிரம் சீட்டு, விற்றாலும் விற்காவிட்டாலும் விலை கொடுக்க வேண்டும். கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2011 ஜனவரியில் ஃபியஸ்டா பவுலுக்குப் போனபோது தலையில் விழுந்தது 17,500 சீட்டு. அரிசோனாவரை அத்தனை பேர் போகவில்லை. பங்குத்தொகை கழித்தும் பத்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். நடத்துபவர் தப்பித்தார், கல்லூரி அழுதது. கோதம் பவுலுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு வந்த அணிகளிடம் "நீயே விற்றுக்கொள்" என்று சொல்லியிருந்தால் விமானம் லிங்கனிலேயே நின்றிருக்கும்.

பனிப்புல் (22)

சரி, பணம் பேசியாயிற்று. ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. மைனஸ் பத்தில் 70 புள்ளி எப்படி வந்தது? நான் மேலே எழுதிய கணக்குப்படி பாஸே எடுபடக்கூடாது.

பழைய ஸ்கோர்கார்டு (23)

ஜார்ஜ் மீரா உங்கள் கணக்கைப் படிக்கவில்லை போலிருக்கிறது. 46 எறிந்து 24 சேர்த்தார், 321 யார்டு. அந்தக் காலத்துக்கு அது ராட்சத எண்ணிக்கை, கதகதப்பான நாளிலும்.  மொத்த யார்டுக் கணக்கில் மயாமிதான் முன்னால். உறைந்த தரையில் ஒரு லாபம் பாஸ் பிடிப்பவனுக்கு உண்டு: எங்கே திரும்பப்போகிறோம் என்பது அவனுக்குத் தெரியும், தடுப்பவனுக்குத் தெரியாது. அவன் எதிர்வினையாகத் திரும்பும்போது கால் வழுக்கும். எறிபவன் கை மரக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நெப்ராஸ்கா அந்த அளவு யார்டு இல்லாமலே வென்றது. வில்லி ராஸ் ஒரு கிக்-ஆஃபை (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) 92 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் போட்டார். ஆளுக்கு ஐந்து டச்டவுன், வித்தியாசம் முழுக்க அதற்குப் பின் வரும் கூடுதல் முயற்சியில் (உதைத்தால் ஒரு புள்ளி, ஓடியோ எறிந்தோ மறுபடி கோட்டைக் கடந்தால் இரண்டு). 30-க்கு மேல் நெப்ராஸ்கா ஆறு சேர்த்தது, மயாமி நான்கு. இரண்டு புள்ளி முயற்சி கல்லூரி ஆட்டத்துக்கு 1958-ல்தான் வந்தது. அது இல்லாத காலமாக இருந்தால் நெப்ராஸ்காவுக்கு 36 வந்திருக்க வழியே இல்லை. பந்து கல்லாகி உதை நம்பமுடியாத நாளில் இரண்டுக்குப் போவது துணிச்சல் மட்டுமில்லை, கணக்கும்கூட.

கடைசி நிமிடங்களில் மயாமி மறுபடி முன்னேறி வந்தபோது மீராவின் பாஸைப் பிடுங்கியவர் பாப் பிரவுன். தாக்குதல் வரிசையில் கார்டாக ஆடும் பெரிய உடம்புக்காரர். பிற்காலத்தில் தொழில்முறைப் புகழ்மன்றம் வரை போனார், ஆனால் அங்கே ஆடியது கார்டுக்குப் பக்கத்து இடமான டாக்கிளில்.

நான்காம்டவுன் (24)

ஐயா, கார்டு எப்படிப் பாஸைப் பிடுங்க முடியும்? தாக்கும்போதுதானே அவர் உள்ளே இருப்பார்?

பழைய ஸ்கோர்கார்டு (25)

இன்றைய விதியை வைத்துப் பார்க்கிறாய் தம்பி. 1953-லிருந்து 1964 வரை ஆள் மாற்றத்துக்குக் கட்டுப்பாடு. தாக்கும் பதினொருவரை மொத்தமாக வெளியே இழுத்துத் தடுக்கும் பதினொருவரை உள்ளே விடுவது கஷ்டம். அதனால் பெரும்பாலானோர் இரண்டு வேலையும் செய்தார்கள். பிரவுன் தாக்கும்போது கார்டு, தடுக்கும்போது லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்). உதைப்பதற்கென்றே தனி ஆள் வைத்துக்கொள்வதும் அப்போது செலவுபிடித்த விஷயம். இரண்டு பக்கமும் ஆடிக் களைத்தவன் கடைசி நிமிடத்தில் அந்தப் பந்தைப் பிடித்தான் என்பதையும் சேர்த்துப் பார்.

வெட்டுப்புல் (26)

நியூயார்க் வட்டாரத்தில் அதற்குப் பிறகு நடந்ததையும் பதிந்துவிடுவோம். 1978-லிருந்து 81 வரை நியூ ஜெர்சி ஜயண்ட்ஸ் ஸ்டேடியத்தில் கார்டன் ஸ்டேட் பவுல். அரிசோனா ஸ்டேட் 34, ரட்கர்ஸ் 18. டெம்பிள் 28, கலிஃபோர்னியா 17. ஹியூஸ்டன் 35, நேவி 0. டென்னஸி 28, விஸ்கான்ஸின் 21. ரட்கர்ஸுக்கு முதல் பவுல் அதுதான். நான்கு ஆட்டத்தில் நிறுத்தி, அதே அரங்கில் 1983 ஆகஸ்டிலிருந்து சீசன் தொடக்க ஆட்டமாகக் கிக்-ஆஃப் கிளாசிக் நடத்தினார்கள். முதல் ஆட்டம் நெப்ராஸ்கா 44, பென் ஸ்டேட் 6. கோடைக்கு மாற்றியதும் பெரிய பெயர் அணிகள் வரத் தயங்கவில்லை, ஏனென்றால் சீசனில் யார் எத்தனாவது என்று தெரியும் முன்பே ஒப்பந்தம் போட்டுவிடலாம்.

பனிப்புல் (27)

ஆகஸ்டுக்கு மாற்றினார்கள் என்றால் குளிரும் ஒரு காரணம்தானே!

பந்துக்கணக்கு (28)

விடமாட்டீர்கள். சரி, பத்தில் இரண்டு பங்கு தருகிறேன். அதற்குமேல் கிடையாது. 2010 டிசம்பர் 30-ல் பின்ஸ்ட்ரைப் பவுல் தொடங்கியபோது நியூயார்க்கில் பெரும் பனிப்பொழிவு கழிந்து சில நாள்தான். சிராக்யூஸ் ஆடியது, 38,274 பேர் வந்தார்கள். அந்த பவுல் இன்னும் நடக்கிறது. ஸ்கோர் என்ன தெரியுமா? சிராக்யூஸ் 36, கேன்ஸஸ் ஸ்டேட் 34.

நான்காம்டவுன் (29)

அதே 36–34! அந்த ஆட்டத்தில்தானே சல்யூட் அடித்ததற்கு அபராதம்?

பந்துக்கணக்கு (30)

அதேதான். ஒரு நிமிடச் சொச்சம் மிச்சம் இருக்கும்போது ஏட்ரியன் ஹில்பர்ன் டச்டவுன் போட்டுவிட்டு ரசிகர்கள் பக்கம் சல்யூட் அடித்தார். கொண்டாட்ட விதிப்படி 15 யார்டு அபராதம். சமன் செய்ய இரண்டு புள்ளி வேண்டும், வழக்கமாக 3 யார்டு கோட்டிலிருந்து எடுக்கவேண்டிய முயற்சியை 18-லிருந்து எடுக்க நேர்ந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து ஓடி நுழைய வாய்ப்பில்லை, பாஸ்தான் என்று தடுக்கும் அணிக்கு முன்பே தெரியும். பாஸ் சேரவில்லை.

அச்சுமை (31)

ஒரு திருத்தம் மட்டும், யாராவது "அதே மைதானத்தில் அதே ஸ்கோர்" என்று பரப்புவதற்கு முன்னால். பின்ஸ்ட்ரைப் நடப்பது 2009-ல் தெருவுக்கு எதிர்ப்பக்கம் திறந்த புது யாங்கீ ஸ்டேடியத்தில். 1962 ஆட்டம் நடந்த பழைய அரங்கை இடித்து, அந்த இடத்தைப் பொது விளையாட்டுத் திடலாக்கிவிட்டார்கள்.